பத்து நாள் விடுப்பில் எத்தனை இரவு வீட்டில்?

வாசகர் கேள்வி:

எனக்கு 38 வயது. சிங்கப்பூரில் துணை விமானியாகப் பணியாற்றுகிறேன். செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மனைவி தொடக்கப்பள்ளி ஆசிரியை. மகன் தொடக்கநிலை 5, மகள் பாலர் பள்ளி. 72 வயதாகும் அம்மாவும் எங்களுடன் இருக்கிறார். அவருக்கு நீரிழிவு, முழங்கால் வலி. வளைகுடா விமான நிறுவனம் ஒன்று வேலைக்கு அழைத்திருக்கிறது. சம்பளம் இங்கே வாங்குவதைவிட மிக அதிகம்; சில ஆண்டுகளில் கேப்டன் ஆகிவிடலாம். மாதம் 10 நாள் விடுப்பு. குடும்பத்தை இங்கேயே வைத்துவிட்டு நான் மட்டும் போய்வரலாம் என்று நினைக்கிறேன். ஹாங்காங்கிலிருந்தும் ஓர் அழைப்பு இருக்கிறது, ஆனால் சம்பளம் குறைவு. வளைகுடாவில் இருக்கும் நண்பர், “பணி தொடங்கும் நாளிலேயே வந்து இறங்கு, விமானத்தில் தூங்கிக்கொள்ளலாம், ஒரு நாள் கூடுதலாக வீட்டில் கிடைக்கும்” என்கிறார். இது சரிப்பட்டு வருமா?

– செங்காங் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

சம்பளம், பதவி, பிள்ளைகளின் படிப்பு என்று உங்கள் கடிதத்தில் பல விஷயங்கள் இருந்தாலும், நண்பர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. பணி தொடங்கும் நாளிலேயே போய் இறங்குவது. அதைச் செய்யாதீர்கள். மற்ற எதிலும் என் பேச்சைத் தட்டலாம், இதில் தட்டாதீர்கள்.

நான் 34 ஆண்டுகள் விமானம் ஓட்டியவன். அதில் 6 ஆண்டுகள், குடும்பம் பிடோக்கில் இருக்க, வளைகுடாவில் பணித்தளம் (பணி தொடங்கி முடியும் ஊர்) வைத்துக்கொண்டு போய்வந்தேன். உங்கள் நண்பர் சொல்வதை நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கடிகாரத்தை வைத்துப் பார்ப்போம். துபாய் நேரம் சிங்கப்பூருக்கு 4 மணி பின்னால். தோஹா என்றால் 5 மணி. பறக்கும் நேரம் ஏறக்குறைய 7 மணி. நள்ளிரவு தாண்டி 1 மணிக்குச் சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் கடைசி நாள் என்பதால் அன்று காலை 6 மணிக்கே மகனைப் பள்ளிக்கு அனுப்ப எழுந்திருப்பீர்கள். பகலில் படுக்க மனம் வராது. ஆக, விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பும்போதே நீங்கள் கண்விழித்து 19 மணி நேரம் ஆகியிருக்கும். அங்கே இறங்கும்போது உள்ளூரில் அதிகாலை 4 மணி, உங்கள் உடம்புக்குக் காலை 8. பிற்பகல் 2 மணிக்குப் பணிக்கு ஆஜர். 3 மணிக்குப் புறப்பட்டு ஐரோப்பிய நகரம் ஒன்றுக்கு 7 மணி நேரம் பறந்தால், நீங்கள் தரையிறங்கும் வேளையில் துபாயில் இரவு 10. சிங்கப்பூரில், அதாவது உங்கள் உடம்புக்குள், அதிகாலை 2 மணி.

அதிகாலை 2 முதல் 6 வரை மனித உடம்பின் விழிப்பு அடிமட்டத்துக்கு இறங்கும் நேரம் என்பதை நீங்களும் பயிற்சியில் படித்திருப்பீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்குத் தளர்ந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 24 மணி நேரம் என்றால் அது 0.10 விழுக்காட்டுக்குச் சமம். சிங்கப்பூரில் கார் ஓட்டுபவருக்கே வரம்பு 0.08தான். இடையில் பயணிகள் இருக்கையில் கழுத்தைச் சாய்த்துத் தூங்கிய இரண்டு மூன்று மணி நேரத்தை உறக்கக் கணக்கில் வைக்காதீர்கள். உணவுத் தள்ளுவண்டி ஒருமுறை முழங்கையில் இடிக்கும், பக்கத்து இருக்கைக் குழந்தை ஒருமுறை அழும். அத்தோடு அந்தத் தூக்கம் முடிந்துவிடும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அன்றும் இப்படித்தான் வீட்டிலிருந்து நேராகப் போய், சீருடை மாற்றிக்கொண்டு பணியில் ஏறினேன். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. இரவு தரையிறங்கும் பாதையில் கட்டுப்பாட்டு நிலையம் எங்களை 4,000 அடிக்கு இறங்கச் சொன்னது. துணை விமானி அதைத் தெளிவாகத் திருப்பிச் சொன்னார். நான் தலையசைத்துக்கொண்டே உயரம் வைக்கும் குமிழைத் திருப்பினேன். “கேப்டன், நான்காயிரம்” என்று அந்தப் பெண் எண் தெரியும் சிறு சாளரத்தின் அருகே விரலைக் கொண்டுபோனார். அதில் 3,000 என்று இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று என்ற எண் தெரிகிறது, நான்கு என்று அவர் சொன்னதும் காதில் விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே என்ன தவறு என்பது எனக்குப் புரியவில்லை. இரண்டு அல்லது மூன்று வினாடி இருக்கும். பிறகு அவரே, “நான் மாற்றட்டுமா?” என்று கேட்டார்.

அவருக்கு அப்போது 27 வயது. என் அனுபவத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்கு இல்லை. முந்தின இரவு 8 மணி நேரம் படுக்கையில் தூங்கிவிட்டு வந்திருந்தார். அந்த விமானத்தில் அன்று அதுதான் தேவைப்பட்டது. நான் களைப்பு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ஆனால் வீட்டிலிருந்து நேராக வந்தேன் என்பதை அதில் எழுதவில்லை. இன்று உங்களுக்காக எழுதுகிறேன்.

2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் அந்த வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். விமானம் தூக்குவிசை இழக்கப்போகிறது என்று கைப்பிடி அதிர்ந்து எச்சரித்தபோது, கேப்டன் செய்ய வேண்டியதற்கு நேர் மாறாகச் செய்ததுதான் காரணம் என்று விசாரணையில் முடிவானது. கேப்டன், துணை விமானி இருவருமே பணித்தளமான நியூவர்க்கிலிருந்து வெகுதூரத்தில் குடியிருந்தவர்கள். கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில். துணை விமானி நாட்டின் மறுகோடியில் உள்ள சியாட்டிலிலிருந்து சரக்கு விமானத்தில் ஏறி, மெம்ஃபிஸில் மாறி, இரவு முழுவதும் பயணம் செய்து வந்திருந்தார். களைப்பு அவர்கள் செயல்திறனைப் பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு என்று அறுதியிட முடியவில்லை என்று போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியது. எனக்கு மறக்க முடியாதது ஒலிப்பதிவில் இருந்த ஒரு பேச்சு. துணை விமானிக்கு அன்று சளி. வீட்டில் இருந்தபோது இப்படி இருந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன், இப்போது விடுப்பு சொன்னால் குணமாகும்வரை சொந்தச் செலவில் ஓட்டலில் தங்க வேண்டும் என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். பணித்தளத்தில் தனக்கென்று ஒரு கட்டில் இல்லாத விமானிக்கு, “எனக்கு உடம்பு சரியில்லை” என்று சொல்வதுகூடச் செலவாகிவிடுகிறது.

அந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவில் விதிகள் மாறின. 2014 முதல் பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தடையின்றித் தூங்க வாய்ப்பு, பறப்பதற்குத் தகுதியாக இருக்கிறேன் என்று விமானியின் எழுத்துமூல உறுதி எல்லாம் கட்டாயமாயின. ஐரோப்பிய விதிகளோ, வீட்டிலிருந்து பணித்தளத்துக்கு வர வழக்கமாக 90 நிமிடங்களுக்கு மேல் ஆகுமானால் தளத்துக்கு அருகில் தங்க ஏற்பாடு செய்துகொள்வது நல்லது என்று விமானிக்கு அறிவுறுத்துகின்றன. தம்பி, 90 நிமிடம்! நீங்கள் கேட்பது 7 மணி நேரத்தைப் பற்றி.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் உங்களை ஒரு நகரத்துக்குப் பயணியாக அனுப்பினால் அது பணிநேரத்தில் சேரும். நீங்களாக வீட்டுக்குப் போய்வருவது எந்தக் கணக்கிலும் சேராது. கணினியில் உங்கள் பெயருக்கு எதிரே ‘ஓய்வில் இருக்கிறார்’ என்றுதான் இருக்கும். அதனால் எண்ண வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். எண்ணும்போது நாட்களை விட்டுவிட்டு இரவுகளை எண்ணுங்கள்.

மாதம் 10 நாள் விடுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது எத்தனை துண்டாக வரும் என்று கேட்டீர்களா? என் காலத்தில் 4, 3, 3 என்று வந்தது. 4 நாள் துண்டை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் காலை 10 மணிக்கு அங்கே விமானம் ஏறினால், சிங்கப்பூரில் இறங்கும்போது இரவு 9 மணி. வீட்டுக்குப் போய்க் குளித்துப் படுக்கலாம், மகள் தூங்கியிருப்பாள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் முழுதாக வீட்டில். நான்காம் நாள் பகலிலேயே கிளம்பி, இரவு பணித்தளத்தில் படுத்து உறங்க வேண்டும். மொத்தம் 3 இரவு, 2 முழு நாள். 3 நாள் துண்டில் 2 இரவு, 1 முழு நாள். கூட்டினால் 10 நாள் விடுப்பு என்பது 7 இரவு, 4 முழு நாளாகச் சுருங்கிவிடுகிறது. மாதத்தில் 7 முறை சொந்தக் கட்டிலில். அதிலும் முதல் நாள் தூக்கக் கடனை அடைப்பதிலேயே பாதி போகும்.

அதே 10 நாளும் ஒரே துண்டாக வந்தால் 9 இரவு, 8 முழு நாள் கிடைக்கும். ஆகவே, சம்பளத்தைப் பேசுவதற்கு முன்பு இதைப் பேசுங்கள். விடுப்பு நாட்களைச் சேர்த்துத் தரும் ஒப்பந்தம் சில நிறுவனங்களில் உண்டு. அதற்குச் சம்பளம் சற்றுக் குறையலாம். குறையட்டும்.

காத்திருப்புப் பணியையும் மறக்காதீர்கள். அழைத்தால் ஓடிவர வேண்டிய அந்த நாட்களைச் செங்காங்கில் கழிக்க முடியாது, தளத்தில்தான் இருந்தாக வேண்டும். சிமுலேட்டர் தேர்வு, பாதுகாப்பு வகுப்பு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் எந்தப் பக்கம் விழும் என்பதையும் கேளுங்கள். விடுப்பின் ஓரத்தில் ஒரு வகுப்பைச் செருகிவிட்டால் 3 நாள் துண்டு 2 நாளாகும். 2 நாளுக்குச் சிங்கப்பூர் வந்து போவது தற்கொலைக்குச் சமம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம், ஆனாலும் வருவோம்.

ஊழியர் டிக்கெட் மலிவுதான். ஆனால் இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, தீபாவளி என்று உங்களுக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் நாட்களில்தான் ஊருக்கே போக வேண்டியிருக்கும். ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு கையில் பலகாரப் பெட்டியோடு வாயிலருகே நின்றேன். பட்டியலில் எனக்கு முன்னால் 11 பேர். ஒன்பதாவது பெயர்வரை கூப்பிட்டுக் கதவை மூடினார்கள். வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நடைபாதையில் நின்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வீடு திரும்பும் பயணத்தில் இப்படி ஆனால் மனம்தான் வலிக்கும். பணிக்குத் திரும்பும் பயணத்தில் ஆனால் வேலையே ஆட்டம் காணும். எனவே திரும்பிப் போகும் டிக்கெட்டையாவது எப்போதும் உறுதி செய்யப்பட்ட டிக்கெட்டாக, சொந்தப் பணத்தில் வாங்குங்கள். மாதம் மூன்று முறை அதற்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, சம்பளத்தில் கழித்துப் பாருங்கள். பணித்தளத்தில் ஓர் அறை வாடகையையும் கழியுங்கள். நான்கு பேர் முறைவைத்துப் படுக்கும் அறை என்றால் வேண்டாம். நீங்கள் பகலில் உறங்கும் நேரத்தில் இன்னொருவர் பொட்டலம் பிரித்துச் சாப்பிடுவார்.

பணத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளிநாட்டில் வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்த்தால் மசேநி (மத்திய சேம நிதி) சந்தா நின்றுவிடும். உங்கள் வயதில் முதலாளியின் பங்கு மட்டும் 17 விழுக்காடு. வீட்டுக் கடனை மசேநி சாதாரணக் கணக்கிலிருந்து கட்டிவருகிறீர்கள் என்றால், அந்தக் கணக்கில் பணம் வருவது நின்றதும் தவணையைக் கையிலிருந்து கட்ட வேண்டிய நாள் வரும். மருத்துவச் சான்றிதழ் பறிபோனால் ஈடுசெய்யும் உரிமக் காப்புறுதியை நிறுவனம் தருகிறதா என்றும் பாருங்கள். இவையெல்லாம் போக மிஞ்சுவதைத்தான் இங்கே வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும்.

இப்போது ஹாங்காங். நீங்கள் இரண்டு வரியில் கடந்துபோய்விட்டீர்கள், நான் அப்படிக் கடக்க மாட்டேன். அந்த ஊருக்கும் சிங்கப்பூருக்கும் கடிகாரம் ஒன்றே. பயணம் 4 மணி நேரம். தினமும் பல விமானங்கள் இருப்பதால் ஒன்று தவறினால் அடுத்தது உண்டு. காலை விமானம் ஏறினால் மகன் பள்ளி விட்டு வரும்போது நீங்கள் வீட்டில் இருக்கலாம். திரும்பும்போது மாலையில் கிளம்பி இரவு அங்கே போய்ப் படுக்கலாம். உடம்பு ஊர் மாறியதை அறியாது. மாறிய நேரத்துக்கு உடம்பு பழக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பது பொதுக் கணக்கு. வளைகுடாவுக்கு 4 மணி வித்தியாசம், உங்களுக்கு வீட்டில் 2 முழு நாள். பழகும் முன்பே திரும்பிவிடுவீர்கள். அங்கே போய்ப் பழகும் முன்பே மறுபடி வருவீர்கள். எந்த ஊர் நேரத்திலும் இல்லாத உடம்போடு ஆண்டுக்கணக்கில் நான் வாழ்ந்திருக்கிறேன். சம்பள வித்தியாசம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எவ்வளவாக இருந்தாலும் என் ஓட்டு ஹாங்காங்குக்குத்தான்.

வளைகுடாதான் என்று முடிவெடுத்தால் குடும்பத்தோடு போவதைப் பற்றியும் பேசுங்கள். மகனுக்கு அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அது முடியும்வரை யாரையும் அசைக்க வேண்டாம். முடிந்த பிறகு, மனைவிக்கு ஊதியமில்லா விடுப்பு கிடைக்குமா, அம்மா வருவாரா என்று கேட்கலாம். தேக்கா சந்தையும் பலதுறை மருந்தகமும் பழகிய அம்மாவுக்கு அது எளிதல்ல என்பது தெரியும். என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று நான் 5,800 கிலோமீட்டர் தள்ளி இருந்தேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த மலாய் அண்டை வீட்டுக்காரர்தான் ஆம்புலன்ஸில் கூடப் போனார். உங்கள் வீட்டில் அந்த வேலை யாருக்கு என்பதை இப்போதே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். மனைவி வகுப்பறையில் இருப்பார், தொலைபேசியை எடுக்க முடியாது.

வீட்டுக்கு வரும் அந்தச் சில நாட்களில் எல்லாவற்றையும் செய்துவிடத் துடிப்பீர்கள். காலை 6 மணிக்கு மகனை அனுப்ப எழுந்திருப்பது வளைகுடா நேரப்படி அதிகாலை 2 மணிக்கு எழுந்திருப்பது. முதல் இரண்டு நாளும் காலையை விட்டுக்கொடுங்கள், இரவு உணவைப் பிடித்துக்கொள்ளுங்கள். மகனுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். அப்பா காலையில் வர மாட்டார், ஏழரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இருப்பார் என்று தெரிந்தால் பிள்ளை அதை ஏற்றுக்கொள்வான். என் மகனுக்கு நான் எல்லா வேளையிலும் இருப்பதாகச் சொன்னேன். எந்த வேளையிலும் முழுதாக இருக்கவில்லை. தமிழ் வாய்மொழிப் பயிற்சிக்கு என் எதிரே உட்கார்ந்து படத்தைப் பார்த்து அவன் பேசிக்கொண்டிருந்தபோது, நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு 11 வயது.

செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் நண்பரிடம் அவருடைய கடந்த மூன்று மாதப் பணி அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் காட்டும் மாதிரி அட்டவணை வேண்டாம், அவர் உண்மையில் பறந்தது வேண்டும். மனைவியை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு பணிக்கும் முந்தின இரவைப் பணித்தளத்தில் என்று முதலில் குறித்துவிடுங்கள். பிறகு மிஞ்சும் இரவுகளில், செங்காங்கில் தூங்கக் கூடியவற்றைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அதன் மேல் மகனின் தேர்வு நாட்களையும் அம்மாவின் மருந்தக நாட்களையும் எழுதுங்கள். ஹாங்காங்கில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவருடைய அட்டவணைக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு தாள்களிலும் எத்தனை வட்டம் விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள். எந்த நிறுவனத்துக்கு எப்போது பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கேப்டன்